வீட்டில் எத்தனை பேர்

ஷிப்ஷெவானா, இண்டியானா
மார்ச் 2, 2011

கர்த்தருக்குள் அன்பான மகள் மரியெட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் கிருபையால் சுகம். நீயும் சலோமா சித்தி வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். பிப்ரவரிக்கு நீ அனுப்பிய மணியார்டர் ஆயிரத்து நானூறும் வந்து சேர்ந்தது. வரவில் எழுதிவிட்டேன்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சபைக்குப் பொதுவான ரோட்டோர ஃபோன் கொட்டகையில் நான் பேச நின்றால் பின்னாலேயே யாராவது வந்து நிற்கிறார்கள். வீட்டுக் காரியத்தை அவர்கள் காதில் போட எனக்கு மனசில்லை.

தம்பி மைரனின் முதுகு ஆபரேஷன் பாக்கி உனக்குத் தெரியும். சபை பாதிக்கு மேல் கொடுத்தது. மிச்சத்தை ஆஸ்பத்திரி ஒரு வசூல் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டது. ஜனவரியிலிருந்து அவர்கள் கோர்ட் உத்தரவோடு உன் அப்பாவின் மரப்பட்டறைச் சம்பளத்தில் கால்வாசியைப் பிடிக்கிறார்கள். பிடிப்பது வட்டிக்கே சரியாகப் போகிறது. சபை டீக்கன் ஷ்ராக் வந்து உன் அப்பாவிடம், "லேவர்ன், இது சரிப்படாது. கோஷன்ல ஒரு வக்கீல் இருக்காரு, போய்ப் பாரு. ஆஸ்பத்திரிக்கு முடிஞ்சப்ப கொடுக்கணும்னு மனசுல வச்சுக்கிட்டுச் செஞ்சா அது பாவம் ஆகாது" என்றார். உன் அப்பா மூன்று நாள் பட்டறையே கதி என்று இருந்தார். நான்காம் நாள் தொப்பியை எடுத்துக்கொண்டு, "வண்டிக்கு ஆள் சொல்லு, ஓர்பா" என்றார்.

வக்கீல் கெஸ்லர் நல்ல மனுஷன், கொஞ்சம் வேகமாகப் பேசுகிறார். திவால் மனுவில் இரண்டு வழி உண்டாம். ஒன்றில் கடன் அப்படியே தள்ளுபடி. இன்னொன்றில் ஐந்து வருஷம் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். எது கிடைக்கும் என்பது வீட்டின் ஆறு மாச வருமானத்தைப் பொறுத்தது. இத்தனை பேருக்கு இவ்வளவு என்று மாநிலத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் முதல் வழி. மேலே போனால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

"வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார். ஐந்து என்றேன். நான் எழுதிக்கொண்டு போன வரவைக் கூட்டினார். கோட்டுக்கு மேலே ஐயாயிரம்.

"எப்படிங்க?" என்றேன். "கால்வாசி எங்க கைக்கே வர்றதில்லையே."

"கைக்கு வராட்டியும் அது உங்க வருமானம்தான்" என்றார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன, மாசம் ஆயிரத்து நானூறு?"

"மகள் சம்பளம்."

"அவ வயசென்ன?"

"இருபது. நவம்பர்ல இருபத்தொண்ணு."

"உங்களோட இருக்காளா?"

"இல்லைங்க, பென்சில்வேனியாவுல."

"அப்ப உங்க வீட்டுல நாலு பேரு."

"அவ எங்க வீடுதாங்க. கல்யாணம் ஆகலையே."

"அப்ப அவ சம்பளம்?"

"எங்க சபை முறைப்படி இருபத்தொண்ணு வரைக்கும் அது வீட்டுச் சம்பளம்."

அவர் பேனாவை வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "மிசஸ் லாம்ப்ரைட், அவ உள்ள இருக்காளா, வெளிய இருக்காளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை வரும்போது சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

நம் ஜனங்கள் கோர்ட்டில் சத்தியம் செய்வதில்லை, உண்மை என்று உறுதி மட்டும் சொல்கிறோம். ஆகையால் நான் எழுதிக் கொடுப்பது அப்படியே உண்மையாக இருக்கவேண்டும். நீ சொல் மரியெட்டா. நீ எந்த வீட்டில் இருக்கிறாய்?

அன்புள்ள,
அம்மா


நியூ ஹாலண்ட், பென்சில்வேனியா
மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சந்தையில் சித்தியின் டோனட் கடையில் வைத்தே மூன்று தடவை படித்தேன். சலோமா சித்தி, "என்னடி, டோனட் மாவுல கண்ணீர் விடுற, உப்பு ஏற்கெனவே போட்டாச்சு" என்று கிண்டல் செய்தாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

நவம்பரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பதினாறு வயசிலிருந்து ஒரு சம்பளக் கவரையும் பிரிக்காமல் அப்பா கையில் கொடுத்தேன். நூறுக்குப் பத்து எனக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "பணத்தைக் கணக்குப் பார்க்கிற பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்ல" என்றார். நீங்கள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மறுநாள் நான் பஸ் ஏறினேன். ஊர் மாறினாலும் முறை மாறக்கூடாதென்று நானேதான் மாசாமாசம் அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை.

அப்பா சொன்னது அப்பாவுக்கு உண்மை என்றால் வக்கீலுக்கும் உண்மைதானே? நாலு என்று எழுதுங்கள். இதற்கு ஏன் என்னைக் கேட்கிறீர்கள்?

இந்த மாசம் பணம் வைக்கவில்லை. கணக்குச் சரியாக இருக்கட்டும்.

மரியெட்டா


ஷிப்ஷெவானா
மார்ச் 20

அன்பான மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டது உண்மை. கேட்ட கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

நாலு என்று எழுதிவிட்டால் முடிந்துவிடும் என்று நானும் நினைத்தேன். வக்கீலிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரி, நாலு. ஆனா நாலு பேர்னா கோடும் கீழ இறங்கிடும். அவ அனுப்புற பணம் தொடர்ந்து வந்தா, அவ வெளிய இருந்தாலும் அது உங்க வருமானத்துல சேரும்."

"ஆள் கணக்குல இல்ல, பணம் மட்டும் கணக்குல இருக்கா?"

"ஆமாம்மா."

"இது எந்த ஊர் நியாயம்?"

"வாஷிங்டன் ஊர் நியாயம்" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரைக்கும் எழுதுகிறேன். பணம் நின்று ஆறு மாசம் போகவேண்டும். பிப்ரவரிதான் கடைசி என்றால் செப்டம்பரில் மனுப் போடலாம். அப்பா சம்பளம் மட்டும் என்றால், நாலு பேருக்கான கோட்டுக்குக் கீழே வருகிறோம். ஆனால் அதுவரைக்கும் கால்வாசியைப் பிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். நான் மாவும் மண்ணெண்ணெயும் வாங்குவது உன் பணத்தில்தான். இது உனக்குத் தெரியாது. உன் பணம் வந்தால் கடன் தீராது. வராவிட்டால் அடுப்பு எரியாது. நானும் தாளைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கோணுகிறது.

பணம் மட்டும் என்றால் பரவாயில்லை. டீக்கனிடம் கேட்டேன். "பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போறதால வெளிய ஆயிடாது. அப்பன் வாயால விடணும். இல்லைன்னா இருபத்தொண்ணு ஆகணும்" என்றார். கோபத்தில் சொன்னது விட்டது ஆகுமா என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அது லேவர்னுக்குத்தான் தெரியும்" என்றார்.

உன் அப்பாவிடமே கேட்டுவிடத் துணிந்தேன். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டேன், "அவ உள்ளயா, வெளியவா?" என்று. தூங்குகிற மாதிரி இருந்தார். தூங்கவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் அவர் தூங்குகிற மூச்சு எனக்குத் தெரியாதா?

அம்மா


நியூ ஹாலண்ட்
ஏப்ரல் 4

அம்மாவுக்கு,

இதோடு ஒரு மணியார்டர் இருக்கிறது. நான் அனுப்பமாட்டேன் என்றுதான் இருந்தேன். மாவு, மண்ணெண்ணெய் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு சந்தையில் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு அம்மாளுக்கு ஒரு டஜன் டோனட்டுக்குப் பதினாறு போட்டுக் கொடுத்தேன். சித்தி, "உன் அம்மா கடுதாசி வர்ற வாரமெல்லாம் நமக்கு நஷ்டம்" என்கிறாள்.

இதை மாற்றினால் ஆறு மாசம் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆனால் கிழிக்கவும் வேண்டாம், அது பணம்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. உள்ளே என்றால் இந்தச் சம்பளம் அப்பாவுடையது, நான் வைத்துக்கொள்வது திருட்டு. வெளியே என்றால் இது என்னுடையது, நான் அனுப்புவது உங்களுக்குக் கெடுதல். எது என்று தெரியாமல் கவரை மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். சந்தைக்கு வருகிற ஒரு பொம்பளை என்னைப் பார்த்து, "உங்க ஜனங்க மஞ்சக் கடுதாசி கொடுக்கமாட்டீங்கன்னு கேள்விப்பட்டேனே" என்றாள். சித்திதான் உளறியிருக்கிறாள். நான் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

அப்பா சொல்லட்டும். எதுவானாலும் சரி. அவர் வாயால் வரட்டும்.

மரியெட்டா


ஷிப்ஷெவானா
ஏப்ரல் 17

அன்பான மகள் மரியெட்டாவுக்கு,

நீ அனுப்பிய மணியார்டரை மாற்றாமல் இதோடு திருப்பி அனுப்புகிறேன். அது உன் பணம். ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் கடிதத்தை உன் அப்பாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். மெத்தைக்கு அடியில் என்ற இடத்தில் "போதும்" என்றார். எழுந்து கொட்டகைக்குப் போனார். போனவர் குதிரையைப் பூட்டிக்கொண்டு வந்து, "ஏறு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. டீக்கன் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். ஷ்ராக் சாப்பாட்டு மேஜையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார்.

உன் அப்பா வண்டியிலிருந்து இறங்காமலே பேசினார். "மரியெட்டாவை நான் விட்டுட்டேன். அவ சம்பளம் இன்னையிலிருந்து அவளோடது. நவம்பர் வரைக்கும் காத்திருக்கல."

"யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார் டீக்கன். "வக்கீலுக்காகச் சொல்றியா, அவளுக்காகவா?"

"ரெண்டும் ஒரே வார்த்தைதானே. பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல."

"போன நவம்பர்ல கோவத்துல சொன்னது?"

"அது தப்பு. இது தப்பில்ல."

அவ்வளவுதான். வண்டியைத் திருப்பினார், வீட்டுக்கு வந்தோம். உனக்கு இதை அவரே எழுதட்டும் என்று தாளைக் கொடுத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நீயே எழுது. நான் சொன்னேன்னு எழுது" என்று கொடுத்துவிட்டார். ஆகையால் எழுதுகிறேன். அவர் சொன்னார்.

நீ இனி ஒரு காசும் அனுப்பவேண்டாம். சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. சபையில் விஷயம் தெரிந்து இரண்டு மூட்டை உருளைக்கிழங்கும் ஒரு பன்றித் தொடையும் வந்தன. அதை வரவில் எழுதவேண்டுமா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. வக்கீல் ஆபீசுக்கு ஃபோன் செய்து கேட்டேன். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, "மிசஸ் லாம்ப்ரைட், தயவுசெஞ்சு அதைச் சாப்பிட்டு முடிச்சிடுங்க" என்றார். எழுதவேண்டும் என்றாரா வேண்டாம் என்றாரா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தம்பி டெவன் இந்த வருஷம் எட்டாம் வகுப்பு முடிக்கிறான். மைரன் இப்போது குனிந்து ஷூ கட்டுகிறான், யார் வந்தாலும் கட்டிக் காட்டுகிறான்.

அம்மா


நியூ ஹாலண்ட்
ஜூலை 10

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். ஏப்ரல் கடிதம் வந்த அன்றைக்குச் சந்தோஷப்படவேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. என் சம்பளம் என் கையில் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன், யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது, ஆள் இல்லை. சித்தியிடம் சொன்னால் விலையைக் கேட்டு, "உன்னை ஏமாத்திட்டான்" என்பாள். அப்படித்தான் சொன்னாள்.

எனக்கு வீட்டுக்கு வரவேண்டும். கோபம் ஒன்றும் இல்லை இப்போது. அங்கே தையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இந்த மாசக் கடைசியில் வந்துவிடட்டுமா? என் அறையில் மைரன் படுக்கிறானா? படுத்தால் படுக்கட்டும், நான் சமையலறைப் பெஞ்சில் படுத்துக்கொள்கிறேன்.

மரியெட்டா


ஷிப்ஷெவானா
ஜூலை 18

என் அன்பான மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்ததும் உன் அப்பா எழுந்துபோய் மைரனின் சாமான்களை உன் அறையிலிருந்து வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் தடுத்தேன். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

இப்போது வராதே.

செப்டம்பர் ஆரம்பத்தில் மனுப் போடுகிறோம். அந்த நாளில் நீ இங்கே குடியிருந்தால் நாம் மறுபடி ஐந்து பேர். நீ சம்பாதித்து இந்த வீட்டில் சாப்பிட்டால் உன் பணத்தை எப்படிச் சேர்ப்பது என்று வக்கீல் மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டும். கோட்டுக்கு மேலே போனால் ஐந்து வருஷம். அதற்குள் மைரனுக்கு இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது.

சும்மா பார்க்க வந்து போனால் கணக்கில் வராது என்று வக்கீல் சொல்கிறார். "எத்தனை ராத்திரி வரைக்கும் பார்க்க வந்தது, எத்தனையிலிருந்து குடியிருப்பு?" என்று கேட்டேன். "அப்படி எண்ணிக்கை கிடையாது, நீங்க மனசுல என்ன நினைக்கிறீங்கங்கிறதுலதான் இருக்கு" என்றார். அதுதான் எனக்குப் பயம். எண்ணிக்கை என்றால் நான் எண்ணிவிடுவேன். நீ ஒரு ராத்திரி வந்து தங்கினாலும் உன்னைத் திருப்பி அனுப்ப என்னால் முடியாது. வாசலில் நீ பையை வைத்த நிமிஷமே என் மனசில் நீ வந்துவிட்டாய். பிறகு நாலு என்று எழுதினால் நான் பொய்க்காரி.

வெளியே போனதற்குக் கோபித்தவர்கள், வருகிறேன் என்றால் வராதே என்கிறார்களே என்று நினைப்பாய். எனக்கே என்னைப் புரியவில்லை. முழங்காலில் நின்று கேட்டேன், பதில் ஒன்றும் வரவில்லை. பீன்ஸ் பறிக்கிற காலம், அதைப் பறித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் வரைக்கும் மட்டும்.

அம்மா


ஷிப்ஷெவானா
அக்டோபர் 14

அன்பான மகள் மரியெட்டாவுக்கு,

ஜூலைக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை, இருந்தாலும் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மனு செப்டம்பர் ஆறாம் தேதி போட்டோம். அன்றைக்கே சம்பளப் பிடிப்பு நின்றது. நேற்று சவுத் பெண்டில் விசாரணை. கோர்ட் என்று பயந்து போனேன், அது ஒரு சாதாரண அறை. மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி, எங்களைப் போல இருபது பேர் நாற்காலியில். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் முறை வந்தது. சத்தியத்துக்குப் பதிலாக உறுதி சொன்னோம்.

"உங்க வீட்டுல எத்தனை பேர்?" என்றார் அதிகாரி.

"நாலு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஐயா, ஒரு மகளும் இருக்கா. உங்க கணக்குல எங்க வீட்டுல இல்ல. எங்க கணக்குல..." என்று இழுத்தேன். வக்கீல் என் முழங்கையைத் தொட்டார்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவ உங்களோட இருக்காளா இல்லையா?"

உன் அப்பாதான் பதில் சொன்னார். "இல்லைங்க. நான் விட்டுட்டேன்."

"சரி, அடுத்தவங்க" என்றார் அதிகாரி. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா நம்மை இப்படி அலைக்கழித்தோம் என்று வெளியே வந்து நின்றேன். வக்கீல் கை கொடுத்து, முதல் வழிதான், இனித் தடை இருக்காது என்றார். உன் அப்பா அவரிடம் ஒன்று கேட்டார். "இனி அவ வரலாமா?"

"இனி யார் வேணும்னாலும் வரலாம்" என்றார்.

ஆகையால் எழுதுகிறேன். வா மகளே. அறை காலியாக இருக்கிறது. தையல் கடையிலும் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை கிடைத்தால் சம்பளம் உன்னுடையது, ஒரு காசு தரவேண்டாம்.

அம்மா


நியூ ஹாலண்ட்
அக்டோபர் 25

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

கடன் நீங்கியதற்கு ஸ்தோத்திரம். மைரன் ஆபரேஷனுக்குத் தேதி தெரிந்தால் எழுதுங்கள்.

ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். திட்டி எழுதினேன், கிழித்தேன். அழுது எழுதினேன், அதையும் கிழித்தேன். உங்கள் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் ஆகஸ்ட் முழுக்க எனக்கு ஒன்றும் புரியாமல் இருந்தது. வீடு எங்கே என்று யாராவது கேட்டால் எந்த ஊரைச் சொல்வது என்று யோசிக்கவேண்டியிருந்தது.

சந்தையில் என்னோடு வேலை செய்கிற வெரீனா என்ற பெண்ணும் நானும் செப்டம்பர் முதல் தேதியே ஒரு தையல்காரியின் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். கட்டில் ஒன்று வாங்கினேன். பழையதுதான், கால் ஆடுகிறது, அட்டை மடித்து வைத்திருக்கிறேன். முதல் ராத்திரி படுத்தபோது பயமாக இருந்தது. இப்போது இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஒரு குதிரை லாயம் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கிறேன்.

அதனால் குடியிருக்க நான் வரவில்லை அம்மா. கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் நாலு என்று எழுதியபோது நான் இங்கே வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் இதுதான் என் வீடு என்றும் சொல்லிவிட்டேன்.

நவம்பரில் பத்து நாள் வருகிறேன். விருந்தாளியாக வருகிறேன். பெஞ்சிலேயே படுத்துக்கொள்கிறேன், மைரன் அறைக்குத் திரும்பிவிடட்டும்.

மரியெட்டா


ஷிப்ஷெவானா
நவம்பர் 2

அன்பான மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. பத்து நாள் வருவது சந்தோஷம். எந்த பஸ் என்று எழுது, எல்க்ஹார்ட்டுக்கு வண்டி ஏற்பாடு செய்கிறோம். கட்டில் காலுக்கு அட்டை வைக்காதே, ஈரத்தில் ஊறிப்போகும். ஒரு மரத்துண்டு செதுக்கி வை.

சாப்பாடு முடிந்து பையன்கள் போன பிறகு உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குடியிருக்க வரவில்லை என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தேதியைக் கேட்டார், எப்போது வாடகைக்கு எடுத்தாள் என்று. செப்டம்பர் என்றேன்.

"அப்ப நாம அங்க சொன்னது பொய் இல்ல" என்றார்.

"இல்ல" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார். நான் பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டேன், அவர் வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். இருட்டில் படியிலேயே நின்றிருந்தார்.

"என்ன?" என்றேன்.

"பொய்யாவே இருந்திருக்கக் கூடாதா, ஓர்பா" என்றார்.

உன் அம்மா